கழுமரமும் மணப்பந்தலும்: கள்வர் கதைகளின் முடிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசு தன் ஏட்டிலே கள்வன் என்று எழுதிவைத்த ஒருவனை ஊர் தன் பாட்டிலே வீரன் என்று பாடிவைப்பது உலகின் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். ஏடு காப்பகத்தில் உறங்குகின்றது. பாட்டோ வாய்க்கு வாய் பயணஞ் செய்கின்றது. அப்பயணத்திலே கதையின் எல்லாப் பகுதிகளும் மாறுதலுக்கு உள்ளாகின்றன. ஆயினும், அம்மாறுதல்களுள் மிகுந்த பொருளுடையது முடிவில் நிகழும் மாறுதலே எனலாம். கள்வன் கழுவேறினானா, மன்னிப்புப் பெற்றானா, தெய்வமானானா, மாப்பிள்ளையானானா என்பதைத் தீர்மானிப்பவர் அக்கதையைப் பாடுபவரும் கேட்பவருமே ஆவர். ஆகவே, முடிவை ஆராய்வது அதனை விரும்பிய சமூகத்தை ஆராய்வதாகும். விலங்குகளைப் பாத்திரங்களாகக் கொண்ட ஓர் இசைச் சித்திரப் படத்தையும், மன்னார்க் கரையிலும் பிற தமிழ்ப் பகுதிகளிலும் வழங்கும் கூத்துக்களையும் கதைகளையும் அருகருகே வைத்து இக்கருத்தினை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1973ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வோல்ட் டிஸ்னி நிறுவனம் 'றொபின் ஹூட்' என்னும் சித்திரப் படத்தை வெளியிட்டது. நிறுவனரான டிஸ்னி 1966இல் மறைந்தபின் எடுக்கப்பட்ட படங்களுள் இது ஒன்று. இயக்கியவர் வூல்ப்காங் றைதர்மன். செலவைக் குறைக்கும் பொருட்டு, நிறுவனத்தின் முந்திய படங்களில் வரையப்பட்ட நடன அசைவுகளே சில இடங்களிற் புதிய பாத்திரங்களுக்குப் பொருத்தப்பட்டன. இப்படத்தில் மனிதர் எவருமில்லர். காட்டில் வாழும் வில்லாளன் றொபினும் அவன் காதலி மரியனும் நரிகள். தோழன் லிட்டில் ஜோன் கரடி. வரி தண்டும் ஷெரிப் ஓநாய். அண்ணன் ரிச்சட் சிலுவைப் போருக்குச் சென்றிருக்க அரியணையில் அமர்ந்துகொண்ட இளவரசன் ஜோன் பிடரிமயிரற்ற சிங்கம். அவன் ஆலோசகன் பாம்பு. கதையைச் சொல்லிச் செல்பவன் ஒரு சேவல். யாழ் போன்றதொரு நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு, பாத்திரங்களை அறிமுகஞ் செய்து, இடையிடையே பாடி, கதையை நடத்துகின்றான். அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகரான ரோஜர் மில்லர் அச்சேவலுக்குக் குரல் கொடுத்தார். கூத்தைப் பார்த்து வளர்ந்த எவரும் இச்சேவலைக் கண்டதும் கட்டியகாரனை நினைவுகூர்வர். களரிக்கு முதலில் வந்து, அரசன் வரவை அறிவித்து, அவையோரோடு நகையாடும் உரிமையும் பெற்றவன் அன்றோ அவன்?

நாயகன் நரியானது தற்செயலன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பிரான்சிலும் அதன் அயல் நாடுகளிலும் ரெனாட் என்னும் நரியின் கதைகள் வழங்கின. சிங்க அரசனின் அவையிலே குற்றஞ் சாட்டப்பட்டு, தன் நாவன்மையினாலே தப்பித்துக்கொள்ளும் வஞ்சகன் அந்நரி. டிஸ்னி நிறுவனத்தார் அக்கதையைப் படமாக்க நெடுங்காலம் எண்ணியிருந்தனர். வஞ்சகன் ஒருவனைச் சிறுவருக்கு நாயகனாகக் காட்டலாகாது என்னும் தயக்கத்தினால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர், ஓவியரான கென் அன்டர்சன் அந்நரியின் சாயலை றொபினுக்குக் கொடுத்தார். வஞ்சக நரி, ஏழைக்குக் கொடுக்கும் வில்லாளனின் உடையை அணிந்து குற்றம் நீங்கியது என்று கூறலாம்.

விலங்கு வேடத்தின் பயன் யாதெனில், நேரே சொல்லத் தகாததைச் சொல்ல இடங்கொடுப்பதாகும். பஞ்சதந்திரத்திலே சிங்கத்தின் அரசவையும் நரிகளின் சூழ்ச்சியும் மனிதரின் அரசியலைப் பேசுகின்றன. தமிழ்ச் சைவ மரபிலோ நரி இன்னொரு வகையில் அரசனின் கருவூலத்தோடு தொடர்புறுகின்றது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையிற் கோயிற் பணிக்குச் செலவிட்ட மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கினான் என்பது திருவிளையாடல். அரசனின் பொருள் அரசன் கருதாத வழியிற் சென்றதும், அதற்காக ஒருவர் தண்டனை அடைந்ததுமே அக்கதையின் கருவாகும். கழுதைகள் தெருவெங்கும் கேட்பாரின்றித் திரியும் எமது மன்னார் நகரிலே றொபின் கதை விலங்குகளைக் கொண்டு புனையப்பட்டிருப்பின், வரிச்சுமை சுமக்கும் குடியானவனுக்கு எவ்வேடம் தரப்பட்டிருக்கும் என்பதை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

இனி, றொபின் கதையின் பழைய வடிவங்களை நோக்குவோம். 1377ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஆங்கிலக் கவிதையொன்றிலே, செபம் அறியாத ஒரு குருவானவர் றொபின் ஹூட் பாட்டுக்களை மட்டும் அறிவேன் என்று ஒப்புக்கொள்கின்றார். எனவே, அக்காலத்திலேயே அவை யாவரும் அறிந்த பாட்டுக்களாயிருந்தன. 1500ஆம் ஆண்டை ஒட்டி அச்சேறிய 'றொபின் ஹூட் செய்கைகள்' என்னும் நெடும்பாட்டிலே அவன் பிரபு அல்லன். சிறு நிலவுடைமையாளரின் படித்தரத்தைச் சேர்ந்த சுதந்திரக் குடியானவன். அதில் வரும் அரசன் ரிச்சட்டும் அல்லன், எட்வேட் என்பவன். றொபினை ரிச்சட்டின் காலத்தவனாக்கியது 1521இல் எழுதிய ஒரு ஸ்கொத்லாந்து வரலாற்றாசிரியரின் கூற்று. அவனை உயர்குடிப் பிரபுவாக்கியது 1598இல் அன்ரனி மன்டே என்பார் எழுதிய நாடகம். மக்கள் பாட்டிலே குடியானவனாயிருந்தவன் நகர அரங்கிலே பிரபுவாக உயர்த்தப்பட்டமை ஊன்றி நோக்கற்பாலது. உரிமை இழந்த பிரபுவொருவன் தன் உரிமையை மீட்கப் போராடுவது ஒன்று. குடியானவன் ஒருவன் சட்டத்தை மறுப்பது வேறொன்று. முன்னையது ஆள்வோருக்கு அச்சந் தராது.

அந்நெடும்பாட்டின் முடிவே எமக்கு மிகவும் வேண்டியது. அரசன் மாறுவேடத்திற் காட்டிற்கு வருகின்றான், றொபினை மன்னிக்கின்றான், தன் அவைக்கு அழைத்துச் செல்கின்றான். இங்கு கதை முடிந்திருக்கலாம். ஆனால், முடியவில்லை. ஓராண்டும் மூன்று திங்களும் அரசவையிலே தங்கிய றொபின் தன் பொருளையெல்லாம் செலவிட்டு, தன் ஆட்களையும் இழந்து, காட்டை எண்ணி ஏங்குகின்றான். விடைபெற்றுக் காட்டிற்குச் சென்றவன் திரும்பவேயில்லை. மேலும் 22 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, ஈற்றிலே கேர்க்ளிஸ் மடத்துத் தலைவி நோய் தீர்ப்பதாகக் கூறிக் குருதியை வடியவிட்டமையால் வஞ்சகமாக இறக்கின்றான். மன்னிப்பு அவனுக்குப் பொருந்தவில்லை என்பதே பழைய பாட்டின் தீர்ப்பாகும்.

அக்காலத்து இங்கிலாந்தின் ஊர்களிலே றொபின் கதை ஏட்டில் மட்டும் இருக்கவில்லை. வசந்த விழாவிலே ஆடவும்பட்டது. றொபின் வேடமிட்டவர் ஊரைச் சுற்றி வந்து கோயிற் செலவுக்குப் பணந் திரட்டினர். 1549இல் அரசன் முன்னிலையிற் பிரசங்கித்த லற்றிமர் என்னும் ஆயர், தாம் ஓரூரிலே பிரசங்கிக்கச் சென்றபோது கோயில் பூட்டிக் கிடந்ததையும், அன்று றொபின் ஹூட் நாளாதலால் ஊரார் அனைவரும் அங்கே போய்விட்டனர் என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் மனம் நொந்து கூறினார். கோயில் முற்றத்திற் கூத்தும் கூத்தினாற் கோயிலும் வளர்ந்த மன்னாரைச் சேர்ந்தவர்க்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

படத்தின் முடிவிற்கு மீண்டும் வருவோம். வரி கொடுக்க வழியற்ற ஊரார் எல்லோரும் சிறையில் அடைக்கப்படுகின்றனர். நாயகன் இரவிலே சிறையை உடைத்து அவர்களை விடுவிக்கின்றான்; பொற்பைகளையும் கவர்கின்றான். கோட்டை தீப்பற்றி எரிகின்றது. அவன் அகழியிற் குதிக்க, நீரின்மேல் அம்புகள் பொழிகின்றன. அவனுடைய தொப்பி மட்டும் அம்பு தைத்தபடி மேலே மிதந்து வருகின்றது. கரையில் நிற்கும் தோழன் தலைகுனிகின்றான். கணப்பொழுது சென்றபின் நரி உயிரோடு வெளிப்படுகின்றது. பின்னர் ரிச்சட் மீள்கின்றான். தம்பியும் ஷெரிப்பும் பாம்பும் கல்லுடைக்கும் தண்டனை பெறுகின்றனர். மரியனுக்கும் றொபினுக்கும் திருமணம் நடைபெறுகின்றது. சட்டத்திற்குப் புறம்பானவன் தனக்கு உறவினனாகிவிட்டான் என்று அரசனே நகையாடுகின்றான். வரைவுநிலையிலே இதனினும் இருண்ட முடிவொன்று திட்டமிடப்பட்டிருந்தது. அதில் றொபின் காயமுற்றுக் கோயிலிற் கிடத்தப்பட, இளவரசன் ஜோன் அவனைக் கொல்ல அங்கேயே வருகின்றான். அம்முடிவு விலக்கப்பட்டது.

சென்ற விடுமுறையிலே மன்னார்த் தீவிலுள்ள எமது வீட்டில் உறவினரின் சிறுவர்களுக்கு இப்படத்தைப் போட்டுக் காட்டினேன். இளமையிற் கூத்தாடிய என் பாட்டனாரும் உடனிருந்தார். தொப்பி மிதந்தபோது சிறுவர் மூச்சடங்கினர். நரி வெளிப்பட்டதும் கைதட்டினர். பாட்டனார் எழுந்து சால்வையை உதறிக்கொண்டு, "செத்திருந்தாக் கும்பிட்டிருப்பம், தப்பிட்டான், சிரிச்சிட்டுப் போறம்" என்றார். நான் படித்த நூல்களிலே இத்துணைச் சுருக்கமாக இவ்விடயம் எங்குங் கூறப்படவில்லை.

பாட்டனாரின் கூற்றினை எமது மரபைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். ஈழத்து வடபுலத்திலே சிந்துநடையில் ஆடப்படும் காத்தவராயன் கூத்து யாவரும் அறிந்ததொன்று. உயர்குலப் பெண்ணாகிய ஆரியமாலையை விரும்பியமையால் காத்தவராயன் குற்றவாளியாகின்றான். கூத்தின் உச்சக்கட்டம் கழுவேற்றமாகும். களரியிலே கழுமரம் நாட்டப்படுகின்றது. நடிகர் அதில் ஏறும்போது பார்ப்பவர் பார்வையாளராக அன்றி, அடியவராக மாறுகின்றனர். தமிழகத்தில் இக்கதையின் பாடலை நா. வானமாமலை பதிப்பித்துள்ளார். மதுரைவீரன் கதையும் இத்தகையதே. தாழ்த்தப்பட்டோர் மத்தியில் வளர்ந்து, திருமலை நாயக்கருக்காகக் கள்வரை அடக்கிய வீரன், அரசனாலேயே மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்து தெய்வமாகின்றான். 1956இல் எம். ஜி. இராமச்சந்திரன் நடித்து வெளிவந்த திரைப்படமும் அம்முடிவை மாற்றவில்லை. நாயகன் இறந்தும் படம் பெருவெற்றி பெற்றது. அரசு தண்டித்த உடலையே ஊர் வணங்கும் உருவாக்கிக்கொண்டது. தண்டனை இன்றேல் தெய்வமும் இல்லை.

மன்னாரின் கத்தோலிக்கக் கூத்துக்களும் இவ்வகையில் வேறுபட்டவையல்ல. நாடகம் எனவும் வாசாப்பு எனவும் வழங்கும் அவற்றுட் சிலவற்றை, 'என்றீக்கு எம்பரதோர் நாடகம்', 'மூவிராசாக்கள் நாடகம்', 'ஞானசௌந்தரி நாடகம்' என்பன உட்பட, 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து உலகறியச் செய்தார். மன்னார்ப் பேராலயம் புனித செபஸ்தியாரின் பெயரைக் கொண்டது. அவர் உரோமப் பேரரசனின் படைவீரர். பேரரசனின் சட்டப்படி துரோகி. றொபின் அம்பு எய்தவன். செபஸ்தியாரோ அம்பு தைத்தவர். ஆயினும் இருவருமே அரசன் ஒருபுறமும் மக்கள் மறுபுறமும் நின்று தீர்ப்பளித்தவர்கள். 1544இல் மன்னாரிலே திருமுழுக்குப் பெற்ற ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். அரசனின் நோக்கில் அது போர்த்துக்கேயரின் பக்கஞ் சாய்ந்த குடிகளுக்கு அளிக்கப்பட்ட தண்டனை. தோட்டவெளியில் அவர்களை வேதசாட்சிகளாக நினைவுகூரும் மக்களின் நோக்கில் அது தியாகம். ஒரே நிகழ்ச்சி, இரண்டு பெயர்கள். எப்பெயர் எவர் இட்டது என்று வினவுவதே வரலாற்று மாணவனின் கடமையாகும்.

தென்னிலங்கையிலே இவ்வினாவை எழுப்புபவன் உத்துவன்கந்தைச் சரதியேல் ஆவான். 1832இற் பிறந்த இவன், மாவனல்லைக்கு அண்மையிலுள்ள குன்றை உறைவிடமாகக் கொண்டு, கொழும்பு - கண்டிப் பாதையிலே வழிப்பறி செய்தான். அப்பாதை வெறும் பாதையன்று. மலைநாட்டின் கோப்பி கீழிறங்கியதும் தோட்டங்களுக்குரிய பொருள்கள் மேலேறியதும் அதன் வழியேதான். அத்தோட்டங்களில் உழைத்த தென்னிந்தியத் தொழிலாளர் பலர் முதன்முதல் கால்வைத்தது எமது மன்னார்க் கரையிலாகும். அங்கிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கும் கண்டிக்கும் சென்றனர். வாந்திபேதியால் வழியிலே மாண்டோரும் பலர். ஆகவே, சரதியேல் மறித்த வண்டிகளின் செல்வத்திற்கும் மன்னார்க் கரையில் இறங்கிய காலடிகளுக்கும் உள்ள தொடர்பை வரலாறு மறத்தலாகாது.

1864 மார்ச் 21இல் சரதியேல் பிடிபட்டபோது, அவனுடைய தோழன் மம்மலே மரிக்காரின் துப்பாக்கிச் சூட்டிலே மலாய் இனத்தவரான சபான் என்னும் பொலிஸ் வீரர் உயிரிழந்தார். அவ்வாண்டு மே 7ஆம் நாள் சரதியேலும் மரிக்காரும் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். செல்வரிடம் பறித்து வறியவர்க்குக் கொடுத்தான் என்று சிங்கள மக்கள் சரதியேலைப் போற்றுகின்றனர். பொலிஸாரோ கடமையில் உயிர்நீத்தோரை ஆண்டுதோறும் மார்ச் 21இல் நினைவுகூர்கின்றனர். சிங்களவன் ஒருவன், முஸ்லிம் ஒருவன், மலாயர் ஒருவர்: ஒரே நாளின் துப்பாக்கிச் சூடு மூவரின் வாழ்வையும் முடித்தது. சபானும் ஒரு வறியவரே என்பதைச் சரதியேலின் புகழ் பாடுவோர் மறந்துவிடக்கூடாது.

எரிக் ஹொப்ஸ்போம் என்னும் ஆங்கில வரலாற்றறிஞர் 1959இலும் 1969இலும் வெளியிட்ட நூல்களிலே இத்தகையோரைச் 'சமூகக் கொள்ளையர்' என வகுத்தார். இவர்கள் அரசமைப்பை எதிர்ப்பதில்லை. கொடிய அதிகாரியையே எதிர்க்கின்றனர். நல்லரசன் வருவான் என்று நம்புகின்றனர் என்பது அவர் கருத்தின் ஒரு பகுதியாகும். 1972இல் அன்ரன் புளொக் இதனை மறுத்து, கொள்ளையர் பலர் செல்வாக்குள்ளோரின் துணையோடு வறியவரையே அடக்கினர் என்று காட்டினார். இவ்விரு கருத்துக்களும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. புளொக் கூறியது கொள்ளையனின் வாழ்வைப் பற்றியது. ஹொப்ஸ்போம் கூறியது பெரிதும் மக்களின் ஏக்கத்தைப் பற்றியது. மக்கள் பாடியது உண்மையில் வாழ்ந்த கள்வனையன்று. தமக்கு வேண்டியிருந்த கள்வனையே.

இந்நோக்கில், நரியின் திருமணம் குறைபாடுடையதா? மன்னிப்பில் முடியும் கதை தமிழருக்கும் புதிதன்று என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நொண்டி நாடகம் என்னும் வகையிலே, பரத்தையிடம் பொருளிழந்த கள்வன் குதிரை திருடச் சென்று பிடிபட்டுக் கால் துண்டிக்கப்படுகின்றான். பின்னர் இறையருளால் இழந்த உறுப்பை மீளப் பெறுகின்றான். மன்னார்க் கடலுக்கு எதிர்க்கரையிலுள்ள கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரால் எழுந்த நொண்டி நாடகமும் உண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் 1963இல் நொண்டி நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். ஆயினும், நொண்டியின் கால் மேடையிலே வெட்டுண்ட பின்னரே வளர்கின்றது. தண்டனை நிகழ்ந்தது; வலி பாடப்பட்டது; அதன்பின்னரே அருள் வந்தது. நரியின் கதையிலோ அம்பு தொப்பியை மட்டுமே துளைக்கின்றது. ஊரார் பட்ட துன்பம் ஓர் அரசன் கப்பலேறி வந்ததும் தீர்ந்துபோகின்றது. அவ்வரசன் ஏன் முன்னரே வரவில்லை என்று கேட்பார் படத்தில் எவருமில்லர்.

இதனாற் படம் பயனற்றது என்பது எமது கருத்தன்று. வரி கொடாத ஊர் முழுவதும் சிறையிற் கிடக்க, வெளியே மழை பெய்ய, சேவலும் விலங்கிடப்பட்டுத் துயரப்பாட்டுப் பாடும் அந்தக் காட்சியிலே, நல்லரசனைப் பற்றிய நம்பிக்கை எதுவுமின்றி மக்களின் நிலை உள்ளவாறே காட்டப்படுகின்றது. கதை சொல்பவனையும் சிறையில் அடைக்கும் ஆட்சி எத்தகையது என்பதை ஒரு சிறுவனும் அங்கே உணர்கின்றான். சிறுவருக்குக் கழுமரத்தைக் காட்டவேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. அவர்கள் நரியோடு சிரிக்கட்டும். ஆனால் வளர்ந்தபின், பழைய பாட்டிலே அவன் மன்னிப்பை உதறிவிட்டுக் காட்டிற்கு மீண்டான் என்பதையும், கண்டியிலே இருவர் தூக்கில் தொங்கினர் என்பதையும், தம் ஊர்க் களரியிலே கழுமரம் ஏன் நாட்டப்படுகின்றது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுவார் வேண்டும்.

எவன் கள்வன், எவன் வீரன் என்னும் தீர்ப்பு ஆட்சிதோறும் மாறி வந்த நாட்டிலே பிறந்தவர் நாம். ஏட்டை மட்டும் நம்பினால் அரசனின் சொல்லே வரலாறாகும். பாட்டை மட்டும் நம்பினால் சபான் போன்றோர் மறக்கப்படுவர். இரண்டையும் எதிரெதிரே வைத்து, முடிவை மாற்றியவர் யார், எவருக்காக மாற்றினார் என்று வினவுவதே எமது பணி. வாசாப்பினை விழாவின் நேரத்திற்கேற்ப இன்னுஞ் சுருக்கலாமா, துன்பக் காட்சிகளை விட்டுவிடலாமா என்று எம்மூர் இளைஞர் ஆலோசிக்கும்போதெல்லாம் பாட்டனாரின் சொல் என் நினைவிற்கு வருகின்றது. சிரித்துவிட்டுப் போகும் கதைகளும் எமக்கு வேண்டும். கும்பிட்டு நிற்கும் கதைகளைச் சுருக்குமுன் மட்டும் சற்றுச் சிந்தித்தல் நன்று.